சாரின் பாட்காஸ்ட்டுக்கு நான் போட்ட அம்புக்குறிகள்

எங்கள் ஆங்கில சாரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற யோசனையும் இல்லை.

அப்போது நான் எம்.ஏ. முதலாண்டு. பாட்காஸ்ட் கேட்டு, குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று அம்புக்குறி போட்டு, அதே ராகத்தில் நாமும் பேசிப் பதிந்து அனுப்ப வேண்டும். நான் அனுப்பியதை சார் வகுப்பில் ஸ்பீக்கரில் போட்டார். என் அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் கூறுகிறவர் என்பது அவருக்குத் தெரியும். விலை படிகிற வரை ஏலக்காரர் குரலை இறக்க மாட்டார். இறக்கினால் ஏலம் முடிந்தது, கூடை கைமாறிவிடும். என் பதிவிலும் குரல் ஏறியதே தவிர இறங்கவில்லை.

“ஏளா, இங்கிலீஷ் பேசுதியா, சீலா மீன் ஏலம் விடுதியா?” என்றார்.

வகுப்பே சிரித்தது. என்னை மட்டும் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். அப்பாவை இழுத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. இந்தச் சிரிப்பை அவருக்கே திருப்பிக் கொடுக்காமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

பஸ்ஸில், துணி துவைக்கையில், பூசைக்குப் போகிற வழியில்கூட இயர்போன்தான். கேட்டதைக் கூடவே முணுமுணுத்தேன். கோட்டி பிடித்துவிட்டதா என்று அம்மா கேட்டாள்.

செமஸ்டர் முடிவில் எச்.ஓ.டி. மேடம் முன்னால் ஆளுக்கொரு பாட்காஸ்ட்டைப் போட்டு விளக்க வேண்டும். எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று சொன்னது சார்தான். கல்லூரிக்காக அவரே பேசி, எல்லோரும் கேட்டே ஆக வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்ததை எடுத்தேன். வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, போர்டில் அம்பு போட்டேன். எல்லாம் மேலே பார்த்த அம்புகள். பிறகு அவர் குரலிலேயே ஒரு பத்தி பேசிக் காட்டினேன்.

“இன்னும் விலை படியல போல, சார்.”

மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். வகுப்பு பொத்தவில்லை. சார் தலை குனிந்து வருகைப்பதிவேட்டைப் புரட்டினார். எனக்கு அவ்வளவு இனித்தது.

ஆனால் போதவில்லை. அடுத்த பாட்காஸ்ட்டை நான் பேச, சார் பதிவு செய்யட்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய நேரம்தான் கிடைத்தது. முதல் தடவையிலேயே சுத்தமாக வந்தது. சார் ஹெட்போனைக் கழற்றி, நல்லா இருக்கு, போதும் என்றார்.

“இல்ல சார், கடைசி வார்த்தை சரியா இறங்கல. திரும்ப எடுப்போம்.”

எடுத்தார். இன்னொரு தடவையும் எடுத்தார். மணி அடித்தது. அவருடைய டிபன் பாக்ஸ் திறக்காமல் மேஜையில் இருந்தது. அவருக்குச் சுகர் இருப்பது வகுப்புக்கே தெரியும். பட்டனை அழுத்துகிற விரல் லேசாக நடுங்கியது.

“இன்னொருக்கா, சார்” என்றேன்.