முன்னிசையிலேயே பாடிய அப்பா

எங்கள் அப்பா கர்த்தருக்குள் உறங்கி ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதும்படி தம்பி கேட்டபோது நல்லவற்றை மட்டும் எழுதலாம் என்றுதான் அமர்ந்தேன். என் பிழையை விட்டுவிட்டு அப்பாவை எழுத முடியவில்லை.

மட்டக்களப்பில், ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகும் குடும்பத்தில் அப்பா பிறந்தார். அங்கே பாடிய ஞானப்பாட்டுகளில் பல ஜெர்மன் லூத்தரன் மெட்டுகள் என்பது அப்போது அவருக்குத் தெரியாது. போர் அவரை டெனிஷ் துறைமுக நகரான எஸ்பியர்க்குக்குக் கொண்டுவந்தது. மீன் தொழிற்சாலையில் நின்று நின்று கால் வீங்கினாலும், "வேலை பரவாயில்ல" என்பதற்கு மேல் எதுவும் சொல்லமாட்டார்.

இங்குள்ள டெனிஷ் தேவாலயத்துக்கு நாங்கள் முதன்முதலாகப் போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. இங்கே பாட்டுக்கு முன் ஓர்கனில் ஒரு முன்னிசை வாசிப்பார்கள். அது முடியும்வரை சபை வாய் திறக்காது. எங்கள் ஊரிலோ மெட்டுப் பிடிபட்டால் எழுந்து பாடவேண்டியதுதான். அன்று ஓர்கனில் பல குரல்கள் ஒன்றையொன்று துரத்தி ஓட, நடுவே ஊர் ஞானப்பாட்டின் மெட்டு மெதுவாக வந்தது. அப்பா எழுந்தார். தமிழில், முழுக்குரலில் பாடினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இருங்க அப்பா, வெட்கமா இருக்கு!" என்று டெனிஷில் சீறி, கையைப் பிடித்து இழுத்தேன்.

"தெரிஞ்ச பாட்டு மகள், எப்பிடிச் சும்மா இருக்கிற?" என்றபடி அமர்ந்தார்.

ஆராதனை முடிந்ததும் ஓர்கன் வாசிக்கும் அம்மையார் இறங்கிவந்து அப்பாவைத் தேடினார். சபைக்கு மெட்டை நினைவூட்டத்தான் பழைய ஜெர்மன் இசையமைப்பாளர்கள் இந்த முன்னிசைகளை எழுதினார்கள் என்று சிரித்தபடி சொன்னார். அதை மொழிபெயர்த்தேன். அடுத்த ஞாயிறும் அப்பா அப்படியே பாடவேண்டும் என்றார். அதை மட்டும் நான் சொல்லவில்லை.

அதன் பின் அப்பா முன்னிசையில் பாடவே இல்லை. மெட்டு வரும் இடத்தில் என் மணிக்கட்டில் விரலால் தட்டுவார். அந்த மெட்டு ஓர்கனில் காலால் மிதிக்கும் கட்டைகளுக்கு இறங்கினாலும் விடமாட்டார். "இப்ப காலால வாசிக்கிறா, கேட்டியா?" என்பார்.

மருத்துவமனையில் கடைசி வாரம் அந்த முதல் நாள் முன்னிசையைத் தொலைபேசியில் போட்டேன். மெட்டு வந்ததும் அப்பாவின் விரல் என் மணிக்கட்டில் தட்டியது. எனக்குத் தாங்கவில்லை.

"அப்பா, அண்டைக்கு அவ உங்களத் திரும்பவும் பாடச் சொன்னவ. நான் சொல்லல்ல."

"சரி, இனி நீ பாடு" என்றார்.

இறுதிநாள்வரை அப்பாவைப் பராமரித்த தாதியருக்கும், வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் வைலே நகரிலிருந்து சோறு கொண்டுவந்த மாமா குடும்பத்துக்கும், அடக்க ஆராதனையில் அதே முன்னிசையை வாசித்த அம்மையாருக்கும் எங்கள் நன்றி. இசை முடியுமுன்னே நான் ஏன் எழுந்து பாடினேன் என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். அன்று அழுகை பதில் சொல்ல விடவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.