லயத்துக்கு வந்த லிபரல் கடிதம்

மலேசியாவில், சிலிம் ரிவர் ஊருக்கு அருகே ரப்பர் தோட்டத்து முச்சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். பால்மரம் சீவும் முனியம்மா காலி வாளியை வைத்துவிட்டு, பிரிக்காத கடிதம் ஒன்றை நீட்டுகிறாள். தோட்டம் பார்க்க வந்த இங்கிலாந்து லிபரல் கட்சிக்காரரிடம் குடிதண்ணீர்க் குழாய் கேட்டிருந்தாளாம், இது அவருடைய பதில்.

“வாய்க்கா தண்ணி குடிச்சு எங்க லயத்து வீடுங்கள்ல ரெண்டு பிள்ளைங்க போயிருச்சு. ஆபீஸ் கிராணிகிட்ட படிக்கக் குடுத்தா தொரை காதுக்குப் போயிரும். நீங்க படிங்க தம்பி.”

படித்துச் சொல்கிறேன். இங்கிலாந்தில் எங்கள் ஊரில் சாக்கடை அடைத்தாலும் வட்டார உறுப்பினரைத்தான் பிடிப்போம், நீங்களும் உங்கள் உறுப்பினரிடம் கேளுங்கள், செய்யாவிட்டால் அடுத்த தேர்தலில் ஆளை மாற்றுங்கள் என்று எழுதியிருக்கிறார்.

“என் ஐசி கார்டு சிவப்புலா. குடியுரிமையே இல்ல, ஓட்டு ஏது? கொழாயப் பத்தி?”

“வேற ஒண்ணும் இல்லக்கா.”

நான் நீட்டும் கடிதத்தை அவள் வாங்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு இறங்குகிறாள்.