பதிலுக்கு விட்ட இடம்

ஸ்டுடியோவில் கூலிக்கு கிட்டார் வாசிப்பவன் நான். பாடியவர் பெயர் வரும், இசையமைத்தவர் பெயர் வரும், நம் பெயர் வராது. தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் வேலை பார்த்த அப்பா, பாட்டு ஓடும்போதெல்லாம் "இதுல நீ எங்கடா இருக்க?" என்று கேட்பார். காட்டினாலும் நம்பமாட்டார்.

முன்பு ஐந்தாறு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்தோம். இப்போது பாணேர் ஃப்ளாட்டில், கம்பளி தொங்கவிட்ட சின்ன அறையில், ஹெட்போனோடு நான் மட்டும். டிரம்ஸும் பேஸும் கம்ப்யூட்டரில் வந்து சேரும். அதன் மேல் வாசித்து அனுப்பிவிடுவேன். பக்கத்து வீட்டு குக்கர் விசில் அடங்கக் காத்திருப்பது ஒன்றுதான் மனிதர்களோடு எனக்கு இருக்கும் உறவு.

போன மழைக்காலத்தில் ஓர் இசையமைப்பாளர் போன் செய்தார். மகர்பட்டாவில் கம்பெனி வேலை, சனி ஞாயிறில் இசை. தமிழ்க் குடும்பம்தான், ஆனால் இந்தியும் இங்கிலீஷும் கலந்துதான் தமிழ் வரும். ஒரு ஜாஸ் உருப்படி என்றார். பியானோ யார் என்றும் சொன்னார். அந்தப் பியானோக்காரரும் நானும் ஒரு ஹோட்டலில் வருஷக்கணக்கில் சேர்ந்து வாசித்தவர்கள். ஹோட்டலில் இசையை நிறுத்தியதும் அவர் கோவா பக்கம் போனார். சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை. பேச்சு தானாக நின்றுபோனது. வாசிக்கும்போது மட்டும்தான் எங்களுக்குப் பேசத் தெரியும்.

ஜாஸில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் நாலு தாளச் சுற்று வாசித்து நிறுத்துவார். அடுத்த நாலு சுற்றில் மற்றவர் பதில் சொல்வார். பியானோக்காரர் என்னைக் கிண்டல் செய்ததெல்லாம் அந்த நாலு சுற்றில்தான்.

எனக்கு வந்த கோப்பில் பியானோ இல்லை. இனிமேல்தான் வாசிக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் பகுதியில் நாலு சுற்று வாசித்தேன், நாலு சுற்று சும்மா இருந்தேன். கடைசிவரை இப்படியே. அனுப்பிய பிறகு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காதல் கடிதம் கொடுத்தவன் மாதிரி தவித்தேன். அவர் பதில் வாசிக்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

முடிந்த பாட்டு வந்தது. பியானோ முதலில் தனியாக ஓடி முடிந்தது; அதன் பிறகு வந்த என் பகுதியில் இடைவெளியே இல்லை. கேள்வி முடிந்த கையோடு அடுத்த கேள்வி. நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். உடனே இசையமைப்பாளருக்குப் போன் போட்டேன்.

"அங்கிள், நடுவுல எல்லாம் காலியா இருந்துச்சு. மறந்துட்டீங்கன்னு நினைச்சேன். கட் பண்ணி சேத்துட்டேன். இப்ப ஏக்தம் டைட்டா இருக்கு."

"நான் வாசிச்சத பியானோக்காரருக்குக் குடுத்தீங்களா?"

"இல்ல அங்கிள். ரெண்டு பேருக்கும் டிரம்ஸும் பேஸும் மட்டும்தான் குடுத்தேன், அவரு உங்களுக்கு முன்னாடியே வாசிச்சு அனுப்பிட்டாரு. அவரும் அதே மாதிரிதான், அவரோட பார்ட்ல நடுநடுவுல காலியா விட்டிருந்தாரு. அதையும் கட் பண்ணிட்டேன்."

பியானோக்காரர் வாசித்ததை வெட்டாமல் அப்படியே அனுப்பச் சொல்லி வாங்கினேன். கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு ஓடவிட்டேன். நாலு சுற்று வாசித்து நிறுத்தினார். மைக்கில் நாற்காலி கிறீச்சிட்டது. என் முறை வரும்போது ஹோட்டலில் அப்படித்தான் என் பக்கம் திரும்புவார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு விரலைத் தந்தியில் வைப்பதற்குள், அவர் அடுத்ததை வாசிக்கத் தொடங்கிவிட்டார்.