அப்பாவின் வேட்டியும் மூன்று வாசல்களும்

எனக்கு எட்டு வயதானபோது அப்பாவுக்குத் திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாற்றலானது. ஸ்ரீவராகத்தில் வீடு. சாமான் பெட்டிகள் பாதி பிரிக்காமல் கிடக்க, முதல் ஞாயிறே பத்மநாபசாமி கோவிலுக்குப் போயாக வேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். அவரும் அதுவரை பார்த்ததில்லை. பாம்பணையில் படுத்திருக்கும் சாமியை ஒரே பார்வையில் பார்த்துவிட முடியாது, மூன்று வாசல் வழியாகத்தான் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கிழக்கு வாசலிலேயே வந்தது சோதனை. ஆண்கள் சட்டையில்லாமல், வேட்டியில்தான் உள்ளே போகலாம். அப்பாவோ பேன்ட்டிலேயே வாழ்ந்த மனிதர். கல்யாண வீடுகளுக்கென்று ஒரு ஒட்டிக்கோ வேட்டி வைத்திருந்தார். அது எந்தப் பெட்டியில் கிடந்ததோ. கடையில் ஒரு முண்டு வாங்கினார். கடைக்காரரே கட்டிவிட்டார். நாலு எட்டு வைப்பதற்குள் அது நழுவத் தொடங்கியது.

"பிடிச்சுக்கிடுங்க, மானத்த வாங்காதீங்க," என்று அம்மா அடிக்குரலில் சொன்னாள். சொன்ன கையோடு கூட்டம் அவளை முன்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

மண்டபத்தில் ஏறினால் என் கண்ணுக்கு முன்னால் வெறும் முதுகுகள். "நடக்கு, நடக்கு" என்று காவலர் மலையாளத்தில் விரட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டியது. "அப்பா, ஒண்ணுமே தெரியலையே!" என்று அலறினேன். அப்பா தன் இடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு முழங்கையால் வேட்டியை இடுக்கிக்கொண்டு என்னை அலாக்காகத் தூக்கிவிட்டார்.

அடேயப்பா, என்ன காட்சி! முதல் வாசலில் விளக்கு வெளிச்சத்தில் சாமியின் முகம், நீட்டிய கைக்குக் கீழே லிங்கம். நடு வாசலில் தொப்புளிலிருந்து எழுந்த தாமரை. மூன்றாவதில் திருவடி. கும்பிடக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வேட்டியிலேயே கண்ணாக, குனிந்த தலை நிமிராமல், நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

வெளியே வந்ததும், "ஏட்டி, என்ன பாத்தே? ஒவ்வொண்ணாச் சொல்லு," என்றார் அப்பா. சரிதான், நான் ஒழுங்காகப் பார்த்தேனா என்று பரீட்சை வைக்கிறார். விடுவேனா? முகத்தில் தொடங்கிக் கால் விரல் வரை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். "சிரிச்ச முகமா? தாமரை எவ்வளவு பெருசு?" என்று மேலும் துருவித் துருவிக் கேட்டார்.

"நூத்துக்கு எவ்வளவுப்பா?" என்றேன்.

"நூத்துக்கு நூறு," என்று சொல்லிவிட்டு, நடுத்தெருவில் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மார்க் போடுகிறவர் எதற்குக் கும்பிடுகிறார் என்று எனக்குப் புரியவேயில்லை.