வலிக்காத கொப்புளம்

கேளம்பாக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் புண்ணுக்குக் கட்டுப் போடுவது என் வேலை. சீழைவிடச் சாக்குப்போக்கைத்தான் அதிகம் வழித்தெடுத்திருக்கிறேன். எனக்கும் சர்க்கரை உண்டு. ஆகவே, சக சர்க்கரைவாசிகளே, இதைக் குடும்பச் சண்டையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நல்ல செய்தி

பஷீர் பாய் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். செருப்புப் போட்டால் பிரேக்கின் பிடி தெரியாதாம், வெறுங்கால்தான். கோடையில் காலடித் தகடு தோசைக்கல்லாகச் சுடும். வலது பெருவிரலின் அடியில் கொப்புளம் கிளம்பி, உடைந்து, வீட்டுத் தரையில் ஈரத்தடம் பதிந்த பிறகு மனைவி நூர்ஜஹான் அவரை இழுத்துவந்தார். பாய்க்கு ஒன்றுமே தெரியவில்லை. சர்க்கரையால் நரம்பு மரத்துவிட்டது, வலிக்காததுதான் ஆபத்து என்றேன்.

"இன்னா சார் நீ, வலிச்சாலும் பேஜாரு, வலிக்கலன்னாலும் பேஜாருன்ற?"

பரீட்சைப் படிப்பு

டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். பாய் இரண்டு நாள் வெள்ளரிக்காயும் மோருமாக இருந்து, வெறும் வயிற்றுச் சர்க்கரையில் முதல் வகுப்பில் தேறினார். நாம் எல்லோரும் செய்வதுதான். ஆனால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையும் அதே ரத்தத்தில் நடந்திருந்தது. அதில் பிரியாணி, பரோட்டா, ஸ்டாண்டில் குடித்த டீ எல்லாம் வரிசையாகச் சாட்சி சொல்லின.

"போன மாசம் துன்னத இப்போ எதுக்கு சார் நோண்டுற?"

பாகில் நடக்கும் காவலர்

கிருமியைப் பிடிக்க ஓடவேண்டிய வெள்ளை அணுக்கள், சர்க்கரை ஏறிய ரத்தத்தில் மந்தமாகிவிடும். பாகில் கால் புதைந்த காவலர்களைப்போல. போய்ச் சேர்ந்தாலும் விழுங்கத் தெம்பிருக்காது. கிருமிக்கோ கல்யாண விருந்து. இதையெல்லாம் விளக்கி, காலை ஊன்றாதீர்கள், விரல் போய்விடும் என்றேன். பாய் கட்டின்மேல் பாலிதீன் பையைச் சுற்றிக்கொண்டு அன்று மாலையே வண்டியை எடுத்தார். அடுத்த முறை வந்தபோது விரல் கறுத்திருந்தது. அதிலிருந்து கிளம்பிய சிவப்பு, பாதத்தில் ஏறிக்கொண்டிருந்தது. நூர்ஜஹான் அழவில்லை.

"சவாரி போய்டும்னு ஓடினீங்களே, இப்போ வெரலு போவுது, சந்தோஷமா?"

ஆறுதல்

பெரிய ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள். சர்க்கரையை அடக்கினால்தான் பாதமாவது மிஞ்சும் என்று எச்சரித்து அனுப்பினார்கள். அவர் வீட்டில் நான் கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது, நூர்ஜஹானின் தம்பி ஜமீல் மாமல்லபுரத்திலிருந்து ஒரு கிலோ அல்வாவோடு வந்தார். பெட்டியை நோக்கி நீண்ட பாயின் கை, என்னைப் பார்த்துப் பாதியில் நின்றது. ஜமீல்தான் தைரியம் சொன்னார்.

"சுகர் புட்ச்ச வெரலத்தான் எடுத்துட்டாங்களே, இனிமே பயப்படாம துன்னு மச்சான்!"

கிருமியை வாசலோடு நிறுத்தத் தெரியாத உடம்பு, புத்திமதியை மட்டும் எப்படி இவ்வளவு கச்சிதமாக நிறுத்திவிடுகிறது என்பதற்கு, நான் படித்த எந்த மருத்துவப் புத்தகத்திலும் விளக்கம் இல்லை.