மூன்று ஞாயிறுக்கு ஒரு தனி அறை

கல்யாணம் ஆகாமலே நானும் அவனும் இரண்டு வருஷம் கோந்த்வாவில் ஒரே வீட்டில் இருந்தோம். இருவருக்கும் விமான் நகரில் வேலை. தங்கை கல்யாணம் முதலில் முடியட்டும் என்று நாகர்கோவிலிலிருந்து அவன் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். எத்தனை நாள்தான் காபிக் கடையில் உட்கார்ந்து பேசுவது? பிம்ப்ரியில் எங்கள் தமிழ்ச் சபைக்கு மட்டும் இது தெரியாது. அங்கே பாடகர் குழுவில் நாங்கள் தனித்தனி ஆட்கள்.

கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்டில் அகப்பட்டோம். டிசம்பரில் வேன் பிடித்து வீடு வீடாகப் போய்ப் பாடுவது வழக்கம். முந்தின வருஷம் நான், வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று போனில் எதையோ சொல்லித் தப்பித்துவிட்டேன். அந்த முறை அவன் சொல்வான் என்று நான் இருந்துவிட்டேன், நான் சொல்வேன் என்று அவன் இருந்துவிட்டான். என் வீட்டில் பாடி, கேக் தின்று முடித்ததும், குழுவை நடத்தும் ஆன்ட்டி அவனிடம் கேட்டார்: "அடுத்தது ஒங்க வீடுதான தம்பி? எந்தப் பக்கம்?"

அவனுக்கு நேருக்கு நேர் பொய் சொல்ல வராது. "இதுதான் ஆன்ட்டி" என்றான்.

கொடியில் கிடந்த அவன் சட்டைகளை ஆன்ட்டி ஒரு பார்வை பார்த்தார். கிதாரை உறையில் போட்டுக்கொண்டு எல்லோரும் இறங்கிப் போனார்கள்.

அடுத்த வாரம் போதகர் வந்தார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவரோ எங்களுக்காகக் கண்ணீர் விட்டு ஜெபித்தார், படுபாவி மனுஷர். கல்யாணம்வரை திருவிருந்தில் அப்பத்துக்குக் கை நீட்டக் கூடாது, அவன் வேறு இடத்துக்குப் போனால்தான் ஓலை வாசிப்பேன் என்றார். மூன்று ஞாயிறு ஆராதனையில் மணமக்கள் பெயரை வாசித்து, ஆட்சேபனை உண்டா என்று சபையைக் கேட்பதுதான் ஓலை. தங்கை கல்யாணம் அதற்குள் முடிந்திருந்ததால் அவன் உடனே தலையாட்டினான்.

"ரெண்டு வருஷம் இருந்தாச்சு. மூணு வாரத்துல என்னத்த சுத்தமாயிரப் போறோம்?" என்று சண்டை போட்டேன்.

"எல்லாரும் அப்பம் வாங்க எந்திச்சுப் போகும்போ நான் மட்டும் பெஞ்சுல உக்காந்திருக்க முடியல பிள்ள. மூணு வாரந்தான?"

எனக்கு இருந்தது வெறும் அவமானம். அவனுக்கு உண்மையிலேயே வலித்தது. அதனால் விட்டுவிட்டேன்.

ஜனவரிக் குளிரில் பிம்ப்ரியில் ஒரு தனி அறைக்குப் போனான். குளிர் வந்தால் அவனுக்கு மூச்சிரைக்கும். தூக்கத்தில் நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கும்போதே நான் எழுப்பி நெபுலைசர் வைத்துவிடுவேன். கொஞ்ச நாளைக்கு இதெல்லாம் எதற்கு, வாயில் அடிக்கும் பம்ப் போதும் என்று அந்த மெஷினை வீட்டிலேயே விட்டுப் போனான்.

இரண்டு ஓலை வாசித்தார்கள். யாருக்கும் ஆட்சேபனை இல்லை. மூன்றாவது ஞாயிறுக்கு முந்தின நாள் காலையில், எவ்வளவு தட்டியும் கதவு திறக்கவில்லை என்று அறைச் சொந்தக்காரர் எனக்குப் போன் செய்தார். உடைத்துப் பார்த்தபோது பம்ப் அவன் கையில்தான் இருந்தது. விசில் தொடங்கும்போதே எழுப்பப் பக்கத்தில் ஆள் இல்லாமல் செத்துப்போனான்.

அடக்க ஆராதனையில், ஏற்ற வேளையில் அவனை ஒழுங்குபடுத்தியதற்காகப் போதகர் கர்த்தருக்கு நன்றி சொன்னார். சபை ஆமென் என்றது. பெட்டியருகே அவன் அம்மா, தங்கை, தங்கை புருஷன். என்னைப் பாடகர் குழுவோடு நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "அழாதம்மா. இன்னும் ஒரு ஓலை பாக்கி இருந்துச்சுல்லா, கர்த்தர் ஒன்னக் காப்பாத்திட்டாரு. நீ ஒண்ணும் தாலி அறுத்தவ இல்ல. நாளைக்கு ஒரு வரன் வந்தா நாங்க யாரும் வாயத் தொறக்க மாட்டோம்."

கையை உதறினேன். "நான் அவன் பொண்டாட்டி ஆன்ட்டி" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அவன் அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு, பெட்டியை மூடச் சொல்லிக் கைகாட்டினார்.