மடிக்கணினிக்கும் துடக்கு

இராசநாயகம் அண்ணை செத்துப்போனார் என்று சொல்வது சுலபம். அவர் என்ன தொழில் செய்தார் என்று சொல்வதுதான் கஷ்டம். செத்தவீட்டுக்கு வந்தவர்களில் பாதிப்பேர், என்ன வருத்தம் வந்து செத்தார் என்று கேட்பதற்கு முதல் அதைத்தான் கேட்டார்கள். மனைவி சத்தியபாமா அக்கா அழுகையை நிறுத்தி மூக்கைத் துடைத்துவிட்டு, "பேர் வித்தவர்" என்று சொன்னா. கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, வேறு யாரிடமாவது விளக்கம் கேட்கப் போனார்கள்.

வேலணைப் பக்கம் ஆலடிப்புலம் எங்கள் ஊர். கூட்டுறவுச் சங்கத்தில் அவரும் நானும் ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் இருந்து வேலை செய்தோம். ஓய்வு பெற்ற கையோடு அவர் ஆடு வளர்ப்பார் என்று அக்கா எதிர்பார்த்தா. அவர் மடிக்கணினி வாங்கினார்.

தொழில் இதுதான். இணையத்தில் கடை போட ஒரு முகவரி வேண்டும். ஒரு பெயரை முதலில் பதிபவருக்கு அது சொந்தம். வருடாவருடம் சிறிது கட்டி வைத்திருக்கலாம். பிறகு அந்தப் பெயர் வேண்டுமென்று வருபவன் அவரிடம்தான் வாங்கவேண்டும். காணி வாங்கி விற்பது போலத்தான். ஆனால் வேலி அடைக்கத் தேவையில்லை, பக்கத்து வீட்டுக்காரன் எல்லைக் கதியாலைத் தள்ளி நடவும் ஏலாது.

தொடக்கத்தில் அவர் தன் ரசனைக்கு வாங்கினார். 'தீவகத் தென்றல்', 'நீலக்கடல் முத்து' என்று அழகான பெயர்கள். ஒன்றையும் ஒரு நாயும் சீண்டவில்லை. பிறகுதான், எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் என்ன சொல்லைப் போட்டுத் தேடுகிறார்கள் என்று காட்டும் கருவி ஒன்றைக் கண்டுபிடித்தார். அன்றோடு அவருடைய ரசனை செத்தது, வியாபாரம் பிறந்தது.

"சனம் எதைத் தேடவேணுமெண்டு நாங்கள் நினைக்கிறமோ, அதை ஒருநாளும் தேடாது" என்று என்னிடம் சொன்னார். "நெடுந்தீவில குதிரை எப்பிடி வந்ததெண்டு ஒருத்தருக்கும் அக்கறை இல்லை. பின்னேரம் திரும்பிவர போட் இருக்கோ எண்டுதான் தேடுதுகள். சாட்டிக் கடற்கரைக்கு என்ன தேடுதுகள் தெரியுமே?"

"என்ன, படமோ?"

"கக்கூஸ்."

மண்டைதீவில் கிறிஸ்ரி என்றொருவர், வள்ளத்தை விற்றுவிட்டு நண்டுச் சாப்பாட்டுக்கடை போட்டிருந்தார். கடைக்கு மனைவி மரியநாயகியின் பெயரிலேயே இணைய முகவரி வேண்டுமென்று அண்ணையிடம் வந்தார்.

"உம்மட மனிசின்ர பேரை உம்மைவிட வேற ஆர் காணும் தேடப்போகினம்?" என்றார் அண்ணை. "தேடினாலும் அது வேற பிரச்சினை. யாழ்ப்பாண ரவுனுக்கு வாறவன் 'யாழ்ப்பாணம் நண்டு' எண்டுதான் தேடுறான். அந்தப் பேர் என்னட்ட இருக்கு, வாங்கும்."

"அண்ணை, மனிசி கோவிப்பா."

"கடை நிறைய ஆக்கள் வந்தா நண்டு கழுவவே நேரம் காணாது. எங்க கோவிக்கிறது?"

கிறிஸ்ரி வாங்கினார். கடை நிறைந்தது. மரியநாயகி இன்றைக்கும் அண்ணையின் பெயரைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வதாகக் கேள்வி.

இப்படிப் போய்க்கொண்டிருந்தவர் ஒருநாள் ஆலடிப்புலத்தைத் தேடுபவர்கள் என்ன தேடுகிறார்கள் என்று பார்த்தார். ஊரில் மிச்சமிருக்கும் எங்களை ஒரு மினிபஸ்ஸில் ஏற்றலாம். மற்றவர்கள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். அவர்கள் தேடியது கோயிலை அல்ல, பள்ளிக்கூடத்தை அல்ல. ஊர்ப் பெயரையும் 'மரண அறிவித்தல்' என்பதையும் சேர்த்துப் போட்டுத் தேடினார்கள். அதுவும் அங்கே கோயில் திருவிழாக்கள் வரும் மாதங்களில் தேடல் மளமளவென்று ஏறியது.

"பாசம் பொங்குது எண்டு நினைக்காதையும்" என்றார் அண்ணை. "சொந்தத்துக்குள்ள ஆரும் மண்டையைப் போட்டிருந்தா துடக்கு. கோயிலுக்குப் போகேலாது. சீலையை அயர்ன் பண்ண முதல் ஒருக்காப் பாக்குதுகள்."

ஊர்ப் பெயரும் மரண அறிவித்தலும் சேர்ந்த அந்த முகவரியைப் பதிந்தார். வாங்க ஆள் வரும்வரைக்கும், வழக்கம்போல அதில் ஒரு வரி போட்டு வைத்தார்: விற்பனைக்கு உண்டு. தேடிய சனத்தின் கண்ணில் பட்டது இதுதான்: 'ஆலடிப்புலம் மரண அறிவித்தல், விற்பனைக்கு உண்டு.'

பாரிசிலிருந்து முதல் அழைப்பு ஆழ்வாப்பிள்ளை ஐயாவுக்குத்தான் வந்தது. அவர் ஊர்ப் பிள்ளையார் கோயில் சபைத் தலைவர். மாத்தறையில் பெரிய கடை வைத்திருந்தவர். கடை போனது, முதலாளிக் குணம் போகவில்லை. சபையைக் கூட்டினார்.

"ஊரின்ர சாவை ஏலத்தில விடுறான்" என்றார். "செத்தவீட்டை வீட்டுக்குள்ள வைச்சிருக்கிறவனுக்கு எந்நாளும் துடக்குத்தான். அந்தப் பேர் அவனிட்ட இருக்குமட்டும் தெற்பை போடேலாது."

இதுதான் அண்ணையை உலுக்கியது. ஏழாம் திருவிழா அவருடைய உபயம். அன்றைக்கு உபயகாரர் விரலில் தெற்பைப்புல் போட்டு, பூசைக்கு முன்வரிசையில் நிற்பார். தகப்பன் விட்டுப்போனவற்றில் ஓட்டை விழாதது அது ஒன்றுதான். அண்ணை பெரிய பக்திமான் இல்லை. புராணபடனம் நடந்தால் தூணில் சாய்ந்து குறட்டை விடுவார். ஆனால் அந்த ஒருநாள் மட்டும் வேட்டிக்கரை தரையில் படாமல் நடப்பார். சங்கத்தில் அவரை 'கிளாக்கர்' என்று கூப்பிட்டவர்கள் எல்லாரும், அன்றைக்கு அவர் கையால் காளாஞ்சிப் பிரசாதம் வாங்குவார்கள்.

சபைக்குப் போய் வாதாடினார்.

"ஐயர் சொல்லட்டும். துடக்கெண்டு சாஸ்திரத்தில இருக்கோ?"

பூசை செய்யும் ஐயர் கவனமானவர். "சாஸ்திரத்தில இன்ரநெற் பற்றி ஒண்டும் சொல்லேல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு மடப்பள்ளிக்குள் போய்விட்டார்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். "இஞ்சருங்கோ, அந்தக் கோதாரியை வித்துத் துலையுங்கோவன்" என்றா அக்கா. "ஏழாம் திருவிழாவுக்கு வேற ஆரும் முன்னுக்கு நிண்டா நான் என்ர முகத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

"விக்கத்தான் வாங்கினனான். ஆனா அந்தாள் சொல்லி விக்கமாட்டன்."

கொடியேற்றம் நெருங்கியது. அப்போதுதான் கனடாவிலிருந்து ஒருவன் அழைத்தான். நானும் பக்கத்தில் இருந்தேன். அண்ணை போனைச் சத்தமாகப் போட்டார்.

"அங்கிள், நான் சதீசன். இஞ்ச நாங்கள் ஃபியூனரல் சேர்விஸ் ஒண்டு நடத்துறம். உங்கட அந்தப் பேர் எங்களுக்கு வேணும். சனம் நேர எங்கட பேஜுக்கு வரும். விலையைச் சொல்லுங்கோ."

"சதீசனெண்டா, ஆழ்வாப்பிள்ளை அண்ணையின்ர...?"

"ஓம், மூத்தவன். அப்பாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. நான் றெஸ்ரோரன்ற் நடத்துறனெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார்."

அண்ணை போனை வைத்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு, "வாரும்" என்றார்.

ஆழ்வாப்பிள்ளை ஐயா முற்றத்தில் கதிரை போட்டுப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நீங்கள் சொன்னபடி பேரை விக்கப்போறன்."

"நல்லது. இப்பவாவது புத்தி வந்துதே."

"வாங்கிற ஆள் உங்களுக்குத் தெரிஞ்ச ஆள். அதுதான் உங்களை ஒருக்காக் கேட்டிட்டு..."

"ஆர்?"

"உங்கட சதீசன்."

"அவனுக்கென்னத்துக்கு? அவன் சாப்பாட்டுக்கடை எல்லோ வைச்சிருக்கிறான்?"

"இல்லை அண்ணை. சாப்பிட்டு முடிஞ்ச ஆக்களுக்கான கடை."

ஐயா பேப்பரை மடித்தார். மடித்ததைத் திரும்ப விரித்தார்.

"துடக்கு பேரோட இருக்கெண்டு சபையில நீங்கள்தான் சொன்னியள்" என்றார் அண்ணை, மிகவும் பணிவாக. "அப்ப இனி அது உங்கட வீட்டுக்கு. கொடியேற்றம் உங்கட உபயம். ஆரைத் தெற்பை போட விடப்போறியள்? ஆள் இல்லையெண்டா நான் நிக்கிறன். எனக்கு அண்டைக்குத் துடக்கு இராது."

"அவன் அங்க கனடாவில இருக்கிறான் காணும்."

"துடக்குக்கு விசா தேவையில்லை அண்ணை. உங்கட தம்பி பாரிசில கண்ணை மூட, நீங்கள் முப்பத்தொரு நாள் முடியுமட்டும் கோயில் வீதிக்கே வரேல்லையே."

ஐயா குசினிப் பக்கம் திரும்பி, "இவையளுக்குத் தேத்தண்ணி கொண்டாங்கோ" என்றார். தேத்தண்ணி வந்தது, குடித்தோம். கோப்பையைக் கீழே வைக்கும்போது சொன்னார்:

"விக்காதையும்."

"அப்ப ஏழாம் திருவிழா?"

"ஐயரைக் கேப்பம். எல்லாத் துடக்குக்கும் ஒரு கழிவு இருக்குத்தானே."

இந்தமுறை ஐயருக்குச் சாஸ்திரத்தில் இடம் கிடைத்தது. கொடியேற்றத்துக்கு முதல்நாள் காலை அண்ணை வீட்டுக்கு வந்து, பலகையில் மடிக்கணினியை வைத்து, பக்கத்தில் கும்பம் வைத்து, மந்திரம் சொல்லி, மாவிலையால் தண்ணி தெளித்தார்.

"ஐயா, மூடியில மட்டும் தெளியுங்கோ. உள்ளுக்குப் போனா பழுதாப்போம்" என்றார் அண்ணை.

"துடக்கு உள்ளுக்குத்தானே இருக்கு" என்றார் ஐயர். திறந்து வைத்தே தெளித்தார். சபை சார்பில் நின்று பார்த்த ஆழ்வாப்பிள்ளை ஐயா கையெடுத்துக் கும்பிட்டார். கும்பத்தையா, கணினியையா என்று தெரியவில்லை. கணினி ஒருநாள் முழுக்க வெயிலில் காய்ந்து, பிறகு பிழைத்துக்கொண்டது.

ஏழாம் திருவிழா அன்றைக்கு அண்ணை தெற்பையோடு முன்வரிசையில் நின்றார். சத்தியபாமா அக்கா கூறைச்சீலை உடுத்து, எல்லாருக்கும் தெரியும்படியான ஓர் இடத்தைத் தேடிப் பிடித்து நின்றா. தவில் ஓங்கி அடித்த நேரம் பார்த்து, ஆழ்வாப்பிள்ளை ஐயா அண்ணையின் பக்கம் குனிந்தார். நான் விபூதித் தட்டோடு பின்னால் நின்றேன்.

"தம்பி, அந்தப் பேர் உம்மட்டத்தானே இருக்கு?"

"ஓம்."

"நான் இருக்குமட்டும் வைச்சிரும். என்ர அறிவித்தலை என்ர பிள்ளை கடையில போட்டு யாவாரம் செய்யக்கூடாது. அவன் அழவேணும். வேற ஆரும் போடட்டும்."

அண்ணை அவரைத் திரும்பிப் பார்த்தார். "நல்ல விலை வந்தா நாளைக்கே தள்ளிப்போடுவன் அண்ணை" என்றார்.

தள்ளவில்லை. சதீசன் விலையைக் கூட்டிக் கூட்டிக் கேட்டான். ஒவ்வொருமுறையும், இப்போது சந்தை சரியில்லை என்று மறுமொழி எழுதினார். யாராலும் வாங்க முடியாத சரக்குக்குச் சந்தை எப்படிச் சரிவரும் என்று நான் கேட்டதற்கு, "உமக்கு யாவாரம் விளங்காது" என்றார்.

அண்ணை இல்லாத இந்த வருடம் ஏழாம் திருவிழாவுக்கு வேறு ஆள் தெற்பை போட்டார். இந்தத் துடக்கைத் தண்ணி தெளித்துக் கழிக்க ஒருவரும் வழி தேடவில்லை. ஆழ்வாப்பிள்ளை ஐயா தடியை ஊன்றிக்கொண்டு கோயிலுக்கு வந்து போகிறார்.

போன கிழமை சத்தியபாமா அக்கா கூப்பிட்டு மடிக்கணினியை என் முன்னால் வைத்தா. சதீசன் எழுதியிருந்தான். அங்கிளின் இழப்புக்கு ஆழ்ந்த அனுதாபம், கீழே புது விலை. வாசித்துக் காட்டினேன். நல்ல விலை. அக்காவுக்கு அது உதவியாகத்தான் இருக்கும்.

அக்கா யோசித்தா. "அந்த ஆழ்வாப்பிள்ளை மனிசன் இன்னும் உசிரோடதானே இருக்கு?"

"ஓம் அக்கா. இண்டைக்குக் காலமையும் கண்டனான்."

"அப்ப, சந்தை சரியில்லை எண்டு எழுதும்."

எழுதி அனுப்பினேன்.